கானகச் சூரியகாந்தி: மூன்று கோடைகளுக்குப் பின் எழுதும் மதிப்புரை

மத்திய நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் ஒரு பெரிய ரெட் ஓக் மரம் நிற்கிறது. அதன் நிழல் விழும் 25 அடி நீளப் பகுதியில் புல் தங்குவதில்லை. மேல்மண் ஒரு சாணுக்கும் குறைவு. அதற்குக் கீழே சிவப்பு ஷேல் பாறை நொறுங்கிக் கிடக்கிறது. பெய்யும் மழையில் ஒரு பங்கை மரத்தின் இலைகளே தாங்கிக்கொள்கின்றன, தரைக்கு வந்து சேர்வதை அதன் வேர்கள் உறிஞ்சிவிடுகின்றன. இரண்டு முறை புல்விதை தூவிப் பார்த்தோம். பிறகு நிழலுக்கு ஏற்றது என்று எல்லோரும் சொல்லும் ஹோஸ்டாவை நட்டோம். மான்கள் ஒரே இரவில் அதைக் காம்பு மட்டும் மிஞ்சும்படி தின்றுவிட்டுப் போயின. இந்த இடத்துக்காகத்தான் 2022ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்கக் கடைகளில் 'உட்லேண்ட் சன்ஃப்ளவர்' என்ற பெயரில் விற்கப்படும் செடியின் ஆறு தொட்டிகளை வாங்கினேன். தாவரவியல் பெயர் ஹீலியாந்தஸ் டைவாரிகேட்டஸ். தமிழில் அதற்கு நிலைத்த பெயர் இல்லாததால் கானகச் சூரியகாந்தி என்று நானே அழைத்துக்கொள்கிறேன். இந்தச் செடியையும், அதை எனக்கு விற்ற நர்சரியையும், தொட்டியில் செருகப்பட்டிருந்த அட்டையையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டியிருக்கிறது. செடி நான் எதிர்பார்த்ததைவிட நல்லது. நர்சரி பெரும்பாலும் நாணயமானது. அட்டையை மட்டும் நம்ப முடியவில்லை.

சூரியகாந்தி என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனத்தில் எழுவது சமையல் எண்ணெயும், ஆளுயரத் தண்டின் உச்சியில் சாப்பாட்டுத் தட்டளவு விரியும் ஒற்றைப் பூவும்தான். அது ஓராண்டுச் செடி. விதைத்த ஆண்டிலேயே பூத்து, விளைந்து, மடிந்துவிடும். கானகச் சூரியகாந்தி அதே பேரினத்தில் பிறந்ததென்றாலும் அதன் வாழ்முறை வேறு. குளிர்காலத்தில் நிலத்துக்கு மேலே உள்ளதெல்லாம் காய்ந்துபோக, மண்ணுக்குள் கிடைமட்டமாக ஓடும் மட்டநிலத்தண்டு மட்டும் உயிரோடிருந்து, மறு வசந்தத்தில் புதிய தளிர்களை மேலே அனுப்புகிறது. உயரம் 2 அடியிலிருந்து 6 அடி வரை இருக்கலாம். என் ஓக் மரத்தடியில் 4 அடியைத் தாண்டியதில்லை. தண்டின் நுனி பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் சுமார் 2 அங்குல அகலமுள்ள மஞ்சள் பூ மலர்கிறது. நாம் இதழ் என்று எண்ணுவது உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். ஒரு பூவில் அவை 8 முதல் 15 வரை இருக்கும், ஆனால் அவற்றில் விதை பிடிக்காது. விதை தருவது நடுவட்டில் நெருங்கி அமர்ந்திருக்கும் சிறுமலர்கள்தான். கதிர்களை வண்டுகளையும் தேனீக்களையும் அழைக்கும் கடைப்பலகை என்று சொல்லலாம்.

கனடாவின் கியூபெக், ஒண்டாரியோ தொடங்கித் தெற்கே புளோரிடாவின் வட பகுதி வரையிலும், மேற்கே ஓக்லஹோமா வரையிலும் இது இயல்பாக வளர்கிறது. 1753ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய 'டைவாரிகேட்டஸ்' என்ற சிறப்புப் பெயருக்கு விரிந்து பிரிவது என்று பொருள். இலைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் உடனே விளங்கிவிடும்; ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு இலைகள், இரு கைகளையும் தோள்மட்டத்தில் நீட்டி நிற்பவரைப் போலத் தண்டுக்குச் செங்குத்தாக விரிந்து நிற்கின்றன. இயற்கையில் இதைத் தேடுவோர் நடுக்காட்டுக்குள் நுழைய வேண்டியதில்லை. உலர்ந்த ஓக் தோப்புகளின் ஓரம், மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த திட்டு, மின்கம்பிகளுக்குக் கீழே மரங்களை வெட்டி வைத்திருக்கும் நீண்ட வெளி, மலைப்பாதையின் விளிம்பு ஆகியவையே இதன் வீடு. ஒரு காலத்தில் அவ்வப்போது பரவிய தரைத்தீ கிழக்குக் காடுகளின் அடியைத் திறந்து வைத்திருந்தது. தீயை அடக்கத் தொடங்கிய பிறகு நிழல் அடர்ந்துவிட்டதால், இத்தகைய செடிகள் மனிதர்கள் வெட்டித் திறந்து வைத்திருக்கும் விளிம்புகளை அண்டி வாழ்கின்றன. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், வீட்டில் இதை எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்பதற்கு வேறு வழிகாட்டி தேவையில்லை.

நான் வாங்கிய நர்சரி உள்நாட்டுச் செடிகளை மட்டும் விற்கும் சிறிய இடம். வசந்தத்தில் சில வார இறுதிகளில் மட்டும் பொதுமக்களுக்குத் திறக்கும். கால் கேலன் தொட்டி ஒன்று 12 டாலர். பெரிய கட்டுமானப் பொருள் கடைகளில் இதே பணத்துக்குப் பூத்துக் குலுங்கும் தொட்டிகள் கிடைக்கும். இங்கே கிடைத்ததோ ஒரு சாண் உயரத்தில் இரண்டு மூன்று இலைச் சோடிகளுடன் நின்ற, பார்ப்பவரைக் கவராத நாற்று. ஆனால் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் மண்ணை முழுவதும் பற்றியிருந்தனவே தவிர, தொட்டியின் உட்சுவரைச் சுற்றிச் சுருண்டு நெருக்கியிருக்கவில்லை. செடி வாங்கும்போது நான் பூவைப் பார்ப்பதைக் கைவிட்டு வெகுநாளாகிறது. வேரைப் பார்த்தே காசு கொடுக்கிறேன். இந்தச் சோதனையில் ஆறு தொட்டிகளும் தேறின.

நர்சரியின் பக்கம் நின்று சொல்ல வேண்டிய இன்னொன்று, பூச்சிக்கொல்லி குறித்தது. நியோனிகோட்டினாய்டு வகை மருந்துகள் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் தங்கிவிடுபவை; தேனீக்களுக்காகவே ஒரு செடியை வாங்கி, அந்தச் செடியின் வழியாகவே அவற்றுக்கு நஞ்சூட்டுவதைப் போன்ற அபத்தம் வேறில்லை. வீட்டுத் தோட்டங்களில் அவற்றின் வெளிப்புறப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் நியூ ஜெர்சியில் 2022ஆம் ஆண்டுதான் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வரும் முன்பே, தாங்கள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று இந்த நர்சரி தன் விலைப்பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தது. கேட்டால் மட்டும் சொல்லும் கடைக்கும், கேட்கும் முன்பே எழுத்தில் கொடுக்கும் கடைக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். ஆறு தொட்டிகளில் ஒன்று கானகச் சூரியகாந்தியே அல்ல.

இதை நான் கண்டுபிடித்தது ஜூலை மாதத்தில்தான். ஐந்து செடிகளில் இலைகள் காம்பே இல்லாமல் தண்டில் நேரடியாக ஒட்டியிருந்தன. இலையின் அடிப்பகுதி அகன்று வட்டமாகத் தொடங்கி, நுனியை நோக்கி நீளமாகக் குறுகிச் சென்றது. மூன்று நரம்புகள் அடியிலிருந்தே பிரிந்து ஓடின. மேற்பரப்பைத் தடவினால் நைந்த உப்புத்தாளைத் தடவுவதுபோல் சொரசொரத்தது. தண்டோ வழவழப்பாக இருந்தது. ஆறாவது செடியில் இலை ஒவ்வொன்றுக்கும் விரல் கணு அளவு காம்பு இருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் மாவு பூசியதுபோல் வெளிறியிருந்தது. அது ஹீலியாந்தஸ் ஸ்ட்ரூமோசஸ் என்னும் வெளிறிலைச் சூரியகாந்தி. இந்தக் குடும்பத்தில் ஆளடையாளம் காண்பது எளிதன்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். மெல்லிய இலையும் நீண்ட காம்பும் கூரிய பற்களும் கொண்டு ஈரமான காடுகளை விரும்பும் ஹீ. டெக்காபெட்டலஸ், தண்டு முழுவதும் மயிர் நிறைந்த ஹீ. ஹிர்சூட்டஸ் என்று ஒன்றையொன்று ஒத்த உறவினர்கள் பலர் உண்டு. சில இனங்கள் தமக்குள் கலந்து கலப்பினங்களையும் உண்டாக்கிக்கொள்கின்றன. வீட்டில் சோதிக்க விரும்புவோர் பூவை மறந்துவிட்டு, நடுத்தண்டிலுள்ள ஓர் இலையை அதன் அடியில் இரு விரல்களால் பிடித்துப் பார்த்தால் போதும்: விரலுக்கும் தண்டுக்கும் நடுவே காம்பு சிக்கினால் அது வேறு செடி.

படமெடுத்து நர்சரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டாம் நாளே மன்னிப்புடன் பதில் வந்தது. விதை சேகரித்த இடத்தில் இரண்டு இனங்களும் அருகருகே இருந்திருக்க வேண்டும் என்றும், அடுத்த வசந்தத்தில் ஒரு தொட்டி இலவசமாகத் தருவதாகவும் எழுதியிருந்தார்கள், தரவும் செய்தார்கள். தவறான செடியைத் திருப்பிக் கேட்கவில்லை. இது உள்நாட்டுச் செடிதான், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆயினும் சிறிய இடத்தில் குறிப்பிட்ட இனத்தை வளர்க்க விரும்பும் ஒருவருக்கு, அதுவும் ஒருமுறை நட்டால் பிடுங்குவதற்குப் பல ஆண்டுகள் ஆகும் செடியில், இந்தத் தவறு சிறியதன்று.

அட்டையின் முதல் பிழைக்கு வருவோம். 'கொத்தாக வளரும்' என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. கொத்தாக வளரும் செடி என்றால் நட்ட இடத்திலேயே நின்று ஆண்டுதோறும் சற்றே பருத்துக்கொண்டு போவது. இதுவோ நடக்கும் செடி. முதல் ஆண்டு ஒவ்வொரு நாற்றும் ஒன்றிரண்டு தண்டுகளுடன் பேசாமல் இருந்தது. நானும் அட்டையை நம்பினேன். இரண்டாம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், நட்ட இடத்திலிருந்து முக்கால் அடி தள்ளி ஊதா சாயலுடன் தளிர்கள் மண்ணைப் பிளந்து எழுந்தன. ஒன்றைக் கையால் தோண்டிப் பின்தொடர்ந்தேன். சருகு மட்கிய அடுக்குக்கும் கல்மண்ணுக்கும் நடுவே, பேனாவின் பருமன்கூட இல்லாத வெளுத்த தண்டு ஒன்று கிடைமட்டமாக ஓடிவந்து, நுனியில் மட்டும் மேல்நோக்கி வளைந்து கூரிய மொட்டாக முடிந்திருந்தது. வழியில் ஒரு ஓக் வேர் குறுக்கிட்ட இடத்தில் அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. ஒரே தாய்ச்செடியிலிருந்து இப்படி ஐந்து திசைகளில் ஐந்து தண்டுகள். மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் எண்ணிப் பார்த்தபோது, இரண்டடி இடைவெளியில் நட்டிருந்த செடிகள் ஒன்றோடொன்று கைகோத்து 70க்கு மேற்பட்ட தண்டுகளாகப் பெருகியிருந்தன.

எனக்கு இது வரம். அந்த 25 அடியை நிரப்ப 6 தொட்டிகளுக்கு 72 டாலர் செலவழித்து மூன்றாண்டு காத்திருந்தேன். கொத்தாக வளரும் செடியாக இருந்தால் இதற்கு மூன்று மடங்கு தொட்டிகள் வாங்கியிருக்க வேண்டும். சரிவில் மழைநீரோடு ஓடிக்கொண்டிருந்த மண்ணையும் இந்த நிலத்தடி வலை இறுகப் பிடித்துக்கொண்டது. மண்ணரிப்பைத் தடுப்பதையே இந்தச் செடியின் தலையாய பயனாக நான் கருதுகிறேன். ஆனால் அட்டையை நம்பி இதை ரோஜாச் செடிகளுக்கு நடுவிலோ, நடைபாதையோரப் பூப்பாத்தியிலோ ஒருவர் நட்டிருந்தால் அவருடைய கதி என்ன? கடினமான காய்ந்த மண்ணில் இது நிதானமாகத்தான் நடக்கும். எருவிட்டு நீர் பாய்ச்சி வளப்படுத்திய பாத்தியில் வேகம் கூடிவிடும், கூடவே தண்டு நெடுகி மழையில் சாயவும் செய்யும். மண் எவ்வளவு எளியதோ அவ்வளவு அடக்கமாக இருக்கும் செடி இது. ஆகவே எரு கூடாது. என் வேலியோரத்தில் எல்லை மீறுகிற தளிர்களை மே மாதத்தில் மண்வெட்டியின் விளிம்பால் வெட்டி எடுத்துவிடுகிறேன். அரைமணி நேர வேலைதான், ஆனால் ஆண்டு தவறாமல் செய்ய வேண்டிய வேலை.

அட்டையின் இரண்டாம் பிழை இதைவிட வேடிக்கையானது. கீழ் வரியில், 'கிழங்கு உண்ணத் தக்கது' என்றிருந்தது. கிழங்கு என்று கண்டால் விட்டுவைக்காத குடும்பம் எங்களுடையது. முதல் பனி விழுந்த பிறகு, நவம்பரில், என் மனைவி பாத்திரத்தோடு வந்து நிற்க நான் மண்வெட்டியோடு தோண்டினேன். மேலே சொன்ன அந்த மெல்லிய மட்டநிலத்தண்டுகள் கை நிறைய வந்தனவே ஒழிய, கிழங்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. "இதைக் கழுவுவதா, கயிறாகத் திரிப்பதா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அட்டை எழுதியவர் ஹீலியாந்தஸ் டியூபரோசஸ் என்னும் வேறொரு பல்லாண்டுச் சூரியகாந்தியோடு இதைக் குழப்பியிருக்கிறார். கடைகளில் 'ஜெருசலேம் ஆர்ட்டிசோக்' அல்லது 'சன்சோக்' என்று விற்கப்படும் இஞ்சி போன்ற முண்டு முண்டான கிழங்கு அதனுடையது. அமெரிக்கத் தொல்குடிகள் அதைப் பயிரிட்டு உண்டு வந்தார்கள். பிரெஞ்சுக்காரரான சாமுவேல் டி ஷாம்ப்ளேன் 1605ஆம் ஆண்டு கேப் காட் கரையில் அவர்களுடைய தோட்டங்களில் அதைக் கண்டு, ஆர்ட்டிசோக்கின் சுவையை ஒத்திருப்பதாக எழுதி வைத்தார். ஜெருசலேமுக்கும் அந்தக் கிழங்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதன் கார்போஹைட்ரேட் பெரும்பாலும் மாவுச்சத்தாக அல்லாமல் இனுலின் என்னும் நார்ச்சத்து வடிவில் இருப்பதால் நம் சிறுகுடல் அதைச் செரிக்காமல் பெருங்குடலுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைக்கும்போது வயிறு படும் பாட்டை ஒருமுறை ஆசைப்பட்டு அரைக்கிலோ தின்றவர்கள் மறக்க மாட்டார்கள். கானகச் சூரியகாந்தியின் உயிரணுவில் 34 குரோமோசோம்களே உண்டு. கிழங்குச் சூரியகாந்தியில் 102. மயிர்த்தண்டுடைய ஹிர்சூட்டஸும் வேறொரு சூரியகாந்தியும் கலந்ததில் அது பிறந்தது என்பதை மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. உறவுதான், ஆனால் அடுப்பில் ஏற்றும் உறவு இல்லை. சமையலறைக்காகச் செடி வாங்குவோர் அதை வாங்கட்டும். இதை வாங்க வேண்டாம். விதையும் சிறியது, எண்ணெய்க்கோ கொறிப்பதற்கோ உதவாது.

பூ ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரம் வரை நீடிக்கிறது. ஆகஸ்ட் மாதத்து உலர்ந்த நிழலில், மற்றெல்லாம் களைத்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது, இருண்ட அடிமரத்துக்கு எதிரே இந்த மஞ்சள் தெரிவது கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. சூரியகாந்தி நாள் முழுவதும் சூரியனோடு திரும்பும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. பயிர்ச் சூரியகாந்தியில் இளம் மொட்டுப் பருவம் வரைதான் அந்தத் திருப்பம், முதிர்ந்த பூ கிழக்கு நோக்கி நின்றுவிடுகிறது. காலை வெயிலில் விரைவாகச் சூடேறும் கிழக்கு நோக்கிய பூக்களைத் தேனீக்கள் கூடுதலாக நாடுகின்றன என்று கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். மரநிழலில் வளரும் என் செடிகளோ வெளிச்சம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தண்டோடு சாய்ந்துகொள்கின்றன. எங்கள் வீட்டில் அது தென்மேற்கு. சமையலறைச் சன்னல் இருப்பதோ வடகிழக்கு. விளைவு, மூன்று ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டார் பூவின் முகத்தைப் பார்க்கிறார்கள், நாங்கள் அதன் முதுகைப் பார்க்கிறோம். நடுவதற்கு முன் நின்று பார்க்கப்போகிற இடத்தையும் வெளிச்சம் வரும் திசையையும் ஒருமுறை யோசித்திருந்தால் இந்த ஏமாற்றம் நேர்ந்திருக்காது. இது செடியின் குறையன்று, என் குறை.

நிழல் தாங்கும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆறில் ஒரு செடியை மரத்தின் அடியை ஒட்டி, நேரடி வெயிலே விழாத இடத்தில் நட்டேன். அது இன்றும் உயிரோடு இருக்கிறது, இலை விடுகிறது, ஆனால் ஒரு பூகூடப் பூக்கவில்லை. நாளில் மூன்று நான்கு மணி நேர வெயில் கிடைத்த செடிகளே முறையாகப் பூத்தன.

இந்தச் செடியை வாங்கியதற்காக நான் மகிழ்ந்த மாலை ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில், பொழுது சாயும் நேரத்தில், வாடிய பூக்களைக் கிள்ளலாம் என்று குனிந்தபோது, ஒரு பூவின் நடுவட்டில் நான்கு தேனீக்கள் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. செத்துவிட்டனவோ என்று நினைத்து மெல்ல ஊதினேன். ஒன்று சோம்பலாக ஒரு காலைத் தூக்கிவிட்டு மீண்டும் உறங்கிவிட்டது. உடலைவிடச் சற்றே குறைந்த நீளத்தில் வளைந்த உணர்கொம்புகள் இருந்தன. அவை மெலிசோடிஸ் பேரினத்து நீள்கொம்புத் தேனீக்களின் ஆண்கள். பெண் தேனீக்கள் மண்ணில் குடைந்த கூட்டில் இரவைக் கழிக்க, கூடில்லாத ஆண்கள் இப்படிப் பூக்களிலும் தண்டுகளிலும் கூட்டமாக உறங்குகின்றன. சூரியகாந்திக் குடும்பத்து மகரந்தத்தை மட்டுமே தம் குஞ்சுகளுக்கு ஊட்டும் தேனீ இனங்கள் கிழக்கு வட அமெரிக்காவில் சில உண்டு. இந்தப் பேரினத்தின் பெயரையே தாங்கிய ஆண்ட்ரீனா ஹீலியாந்தி அவற்றில் ஒன்று. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த பெட்டித் தேனீக்கு எந்தப் பூவும் சரி. இவற்றுக்கு இந்தப் பூ இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. அந்த மாலைக்குப் பிறகு பூக்களைக் கிள்ளும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

'சில்வரி செக்கர்ஸ்பாட்' என்னும் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கும் இலை உணவாகிறது. தாய் இலையின் அடியில் கூட்டமாக முட்டையிடும், கறுத்த முட்புழுக்கள் கூடியிருந்தே இலையைச் சல்லடையாக்கும். என் தோட்டத்தில் அதை இன்னும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் தண்டின் நுனியில் மொய்க்கும் சிவந்த அசுவினிகளைத்தான்; நீரைப் பீய்ச்சியடித்தால் போய்விடுகின்றன, விட்டுவைத்தாலும் பொறிவண்டுகள் கவனித்துக்கொள்கின்றன. செப்டம்பரில் கீழ் இலைகளில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படியும். பார்வைக்கு அழகில்லையே தவிர மறு ஆண்டு வளர்ச்சியில் அதனால் குறைவு எதையும் காணவில்லை. முயல்கள் முதல் ஆண்டு நாற்றைக் கடிக்கும். கம்பி வலையால் ஒரு வளையம் போதும். மான்கள் ஜூன் மாதத்தில் நுனியைக் கிள்ளித் தின்றன. ஆத்திரப்பட்டேன். ஆனால் கிள்ளப்பட்ட தண்டுகள் பக்கக் கிளைகள் விட்டு, உயரம் குறைந்து, இரண்டு வாரம் தாமதமாக, கூடுதல் பூக்களுடன் பூத்தன. மறு ஆண்டு மான் தொடாத தண்டுகளில் பாதியை நானே கத்தரியால் அதே உயரத்தில் வெட்டிவிட்டேன். பூக்கும் காலம் இரண்டு பிரிவாக நீண்டது. தோட்டக்கலையில் மானிடம் பாடம் கற்றேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

நீர்த்தேவை குறித்து நீண்டு பேச வேண்டியதில்லை. நட்ட 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாநிலமே வறட்சிக் கண்காணிப்பில் இருந்ததால், வாரம் ஒருமுறை வாளியில் நீர் ஊற்றினேன். அதன் பிறகு ஒருமுறைகூட ஊற்றவில்லை. 2024 அக்டோபரில் நியூ ஜெர்சியில் மழையே இல்லாமல் மாநிலத்தின் பதிவுகளிலேயே வறண்ட அக்டோபராக அது முடிந்தபோது, இலைகள் இரண்டு வாரம் முன்பாகக் கருகின; அடுத்த வசந்தத்தில் தளிர்களின் எண்ணிக்கை குறையவில்லை.

அட்டை சொல்லாமலே விட்ட ஒரு விஷயம் பூ முடிந்த பிறகு வருவது. செப்டம்பரில் நடுவட்டு கறுத்து விதை முற்றியதும் கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் வந்து சேர்கின்றன. இது நியூ ஜெர்சியின் மாநிலப் பறவை. பூச்சியை ஏறக்குறைய நாடாமல் விதையையே உண்பது, குஞ்சுகளுக்கும் விதையையே கக்கி ஊட்டுவது. ஆகவேதான் மற்றப் பறவைகளைப்போல் வசந்தத்தில் கூடு கட்டாமல், விதை விளையும் நடுக்கோடை வரை காத்திருந்து குடும்பம் நடத்துகிறது. மெல்லிய தண்டு வில்லாக வளையும்படி தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு விதையாகப் பிடுங்கி, உமியை உதிர்த்துவிட்டு உண்ணும் அந்த நேர்த்தியைக் கைக்கெட்டும் தொலைவில் பார்க்கலாம். இதற்காகக் காய்ந்த தண்டுகளைக் குளிர்காலம் முழுவதும் வெட்டாமல் விட வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது பராமரிப்பற்ற குப்பையாகத்தான் தெரியும். குடியிருப்போர் சங்கத்தின் விதிகள் கடுமையாக உள்ள இடங்களில் இருப்பவர்கள் இதை முன்னரே எண்ணிக்கொள்வது நல்லது. நான் தெருவிலிருந்து தெரியும் ஓரத்தில் மட்டும் ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிட்டு, உள்ளே உள்ளவற்றை ஏப்ரல் வரை விட்டுவிடுகிறேன்.

இனி யார் வாங்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய மரத்தடி, வறண்ட சரிவு, வேலியோரத்து நீண்ட துண்டு, இவற்றில் ஏதேனும் ஒன்று உங்களிடம் இருந்து, அங்கே வேறெதுவும் பிழைக்கவில்லை என்றால் தயங்காமல் வாங்கலாம். இடம் இல்லாமல் பூவுக்காக மட்டும் வாங்க நினைப்போர் வேறு செடியைப் பார்ப்பது நல்லது. இந்தச் செடியில் நாம் காசு கொடுத்து வாங்குவது அதன் பரவும் குணத்தைத்தான், பூ அதன்மேல் கிடைக்கும் கொசுறு. தொட்டி வாங்க மனமில்லாதவர்கள் விதையையும் முயலலாம். ஈரமான குளிரில் ஓரிரு மாதம் இருந்த பிறகே முளைக்கும் விதை என்பதால் நவம்பரில் வெளியே தூவிவிட்டால் போதும். அதே நர்சரியின் 3 டாலர் உறை ஒன்றில் எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாற்றுகள் கிடைத்தன, ஆனால் அவை பூக்க ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பூ அறுத்துச் சாடியில் வைப்போர் தண்டை அதிகாலையில் வெட்டினால் நான்கைந்து நாள் நிற்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த வசந்தத்தில் அதே நர்சரிக்கு மீண்டும் போனேன். தொட்டியின் விலை 14 டாலர் ஆகியிருந்தது. வேர் முன்போலவே நேர்த்தியாக இருந்தது. இலைக்காம்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டே நான்கு தொட்டிகள் எடுத்தேன், நான்கும் சரியான இனம். அட்டையைப் புதிதாக அச்சிட்டிருந்தார்கள். கிழங்கைப் பற்றிய வரியைக் காணவில்லை. 'கொத்தாக வளரும்' என்பது மட்டும் அப்படியே இருந்தது. பணம் செலுத்தும் இடத்தில் நின்ற இளைஞரிடம் அதைச் சுட்டிக் காட்டியபோது, பரவும் என்று எழுதினால் யாரும் வாங்குவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.